உறைபனி உதாரணத்தில் ஒரு மஞ்சள் வரி

உங்கள் புரோகிராமை யாரும் தொடக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பதாகப் பெருமாள்மலை வரை பேச்சாம். தவறு. யாரும் தொடலாம். எச்சரிக்கையை மறைக்கக் கூடாது என்று மட்டுமே சொன்னேன்.

இன்று காலை செல்வி லேப்டாப்போடு வந்து, திரையில் மஞ்சளாக வந்த அந்த எச்சரிக்கை வரியைக் காட்டினாள். நீங்கள் போன பிறகு புரோகிராமைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். இரவில் உறைபனி விழுமா என்று கிளாவரையில் பூண்டு பயிரிடுகிறவர்களுக்கு மாலையிலேயே அது சொல்லிவிடுகிறது, அதில் குறையில்லை. குறை, மற்றவர்கள் பார்த்து எழுதுவதற்காக விளக்கக் குறிப்பில் நீங்கள் கொடுத்த உதாரணத்தில். புரோகிராமில் பிழை பார்த்துச் சொல்லும் கம்பைலர், உதாரணங்களையும் சோதிக்கும்படி அமைத்தவர் நீங்களேதான். ‘பனி விழுமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். வந்த விடையை எதற்கும் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறீர்கள். கம்பைலர் அதைத்தான் சொல்கிறது.

"வெறும் உதாரணந்தானே ஆன்ட்டி? ஒரு வரி போட்டா வார்னிங் வாயடைச்சிரும். அங்கிள் இருந்தா சரின்னுருப்பாங்க."

"சொல்லுவார். அதனாலதான் நான் பின்னாடியே நிக்க வேண்டியிருந்துச்சு."

அந்தக் குறிப்பை நீங்கள் எழுதிய மாலையும் அப்படித்தான் நின்றேன். கழுத்தில் மஃப்ளரோடு நீங்கள் தட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"மதர் சுப்பீரியர் வந்தாச்சு. இனி ஒவ்வொரு கமாவும் முட்டி போடணும்."

"முதல்ல வாக்கியத்த முடிங்க."

குறிப்பின் ஆங்கிலத்தைத் திருத்தினேன். நீங்கள் நாற்காலியைத் திருப்பிக் கேட்டீர்கள்: "பனி விழும்னு தெரிஞ்சாச்சு. அப்புறம் அவங்க என்ன செய்யணும்? நீ சொல்லேன்."

"இங்கிலீஷ்தான் என் சோலி. வெள்ளாமை உங்க சோலி."

சிரித்தீர்கள். அடுத்த வரியைப் பிறகு எழுதுவதாகச் சொன்னீர்கள். அந்தப் பனிக்காலம் முடியுமுன் மதுரை ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. எத்தனையோ விஷயங்களில் கேட்காமலே கருத்துச் சொன்னவள் நான். நீங்களாகக் கேட்டபோது சொல்லவில்லை.

மூணாறு பக்கத்திலிருந்து ஒருவர் இந்த உதாரணத்தைப் பார்த்துத் தம் ஊருக்கு ஒரு புரோகிராம் எழுதப்போகிறாராம். அப்படியே எழுதினால் பனி விழும் என்று அவருடைய கம்ப்யூட்டருக்குத் தெரியும். தோட்டக்காரர் ஒருவருக்கும் தெரியாது. விடையைத் திரையில் காட்டினால் போதும் என்கிறாள் செல்வி. அந்நேரம் திரை முன்னால் யார் உட்கார்ந்திருப்பார்கள்? நானும் ஒன்றை ஊகிக்கலாம். ஆனால் குறிப்பின் மேலே உங்கள் பெயர் இருக்கிறது. அதன் கீழே என் ஊகத்தை வைக்க மாட்டேன்.

இருட்டுமுன் தண்ணீர் பாய்ச்சச் சொல்ல நினைத்தீர்களா, செடிகளை மூடச் சொல்லவா? செல்வி திங்கட்கிழமை வருவாள். அதற்குள் எனக்கு எழுதுங்கள்.