துண்டுக்கு அடியில்

பிப்ரவரி 9

இன்று பால் பாக்கெட்டில் எழுதியிருந்ததை முழுவதும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். எப்படிக் காய்ச்ச வேண்டும் என்றுகூடப் போட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக வீட்டுக்கு வந்து போயிருக்கிறது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. மனைவிக்கு உரக்க வாசித்தேன்.

"பால் காய்ச்ச எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்றாள்.

சர்க்கரை வியாதி அவள் பார்வையை எடுத்துக்கொண்டது. நாக்கை விட்டுவிட்டது.

பிப்ரவரி 12

மருத்துவமனைக்குப் போனோம். தொண்டைக் கட்டி திரும்ப வந்திருக்கிறது. போன தடவை குடைந்து எடுத்த அதே இடம். டாக்டரம்மா காகிதத்தில் வரைந்து காட்டினார். குரல்வளைக்கு அடியில் மோதிரம் மாதிரி ஒரு குருத்தெலும்பு, அதில்தான் முளைத்ததாம். குரல்வளையில் புற்று வருகிறவர்கள் நூறு பேரில் ஒருவருக்கு வந்தாலே அதிகமாம்.

"நான் பீடிகூடக் குடிச்சதில்லையேம்மா."

"இதுக்கும் பீடிக்கும் சம்பந்தமில்ல ஐயா."

கதிர்வீச்சு வைத்தாலும் புற்றுக்கான ஊசி போட்டாலும் இது பெரிதாக மசியாது. வெட்டத்தான் வேண்டும். மெதுவாக வளர்கிற வகை, வேறு இடத்துக்குத் தாவுவதும் அபூர்வம். சுத்தமாக எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பல வருஷம் நன்றாக இருக்கிறார்களாம். ஆனால் இந்தத் தடவை கட்டி மோதிரம் முழுக்கப் பரவிவிட்டது. அது இல்லாமல் குரல்வளை நிற்காது, மொத்தமாக எடுக்க வேண்டும். அப்புறம் கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. எடுக்காமல் விட்டால் ஒருநாள் மூச்சை அடைத்துவிடும்.

"பேச்சு?"

"உங்க சொந்தக் குரல் திரும்ப வராது ஐயா. பேசுறதுக்குக் கருவி இருக்கு. பிற்பாடு வால்வு வைக்க முடியுமான்னு பார்க்கலாம், இப்பவே உறுதி சொல்ல மாட்டேன். இதுக்காகத்தான் எழுதக் கத்துக்கோங்கன்னு போன வருஷமே சொன்னேன்."

"அப்பா இப்ப நல்லா எழுதுறாங்க டாக்டர்" என்றாள் மகள். அவள்தான் என் வாத்தியார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எழுதலாம். எழுதி என் மனைவிக்கு எப்படிக் காட்டுவது?

பிப்ரவரி 13

அவள் பாத்திரம் கழுவுகிறாள். சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேறு எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 17

ஒருநாள் பேசாமல் இருந்து பழகிப் பாருங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். காலையில் சுகமாகத்தான் போயிற்று. நான் சிலேட்டுப் பலகையில் எழுதுவேன், மகள் அம்மாவுக்கு வாசிப்பாள். "அப்பா, பொடியா எழுதுங்க, நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும்" என்று கேலி வேறு. பிறகு அவள் தையல் கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

மனைவி சமையலறையில் நின்றாள். "இருக்கீங்களா?" என்றாள். நான் வாசற்படியில்தான் இருந்தேன். மறுபடி கேட்டாள். கதவைத் தட்டினேன்.

"யாரு?"

மறுபடி தட்டினேன்.

"யாருங்க அது?" கையில் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். என் வீட்டில், எனக்குப் பயந்து.

"நான்தான்" என்று சொல்லிவிட்டேன். பழக்கம் பாழ்.

எங்கே திரும்பினாலும் சுவர். வெட்டினால் அவளுக்கு நான் இல்லை. வெட்டாவிட்டால் யாருக்குமே இல்லை. இதில் எதைப் பிடிப்பது?

பிப்ரவரி 20

வெட்ட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து நீங்க பேசுறதத்தான் கேக்குறேன். கொஞ்சம் ஓய்வு கொடுங்களேன். வெட்டிக்கிட்டு வாங்க."

உரித்த பூண்டைத் தோல் குவியலில் போட்டாள். தோலைக் கிண்ணத்தில் வைத்தாள்.

மார்ச் 3

வார்டு. நாளைக் காலை அறுவை. மாலையில் அவளும் மகளும் வந்தார்கள்.

"எனக்கு ஒரு மாடு வித்துக் காட்டுங்க" என்றாள் மனைவி.

மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவன் நான். கரகரத்த தொண்டையோடு ஆரம்பித்தேன். "பாருங்கம்மா, கறக்க உக்காந்தா எந்திரிக்க விடாத பசு. குழந்தை வாலைப் பிடிச்சு இழுத்தாலும் திரும்பிப் பாக்காது…" பக்கத்துக் கட்டில்காரர்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார். கடைசிவரை கேட்டாள்.

"பல்லு சரியில்ல. வேணாம்" என்றாள்.

மார்ச் 12

பேனா பிடிக்க விட்டார்கள். கழுத்தில் துளை, மூக்கில் சாப்பாட்டுக் குழாய். இருமினால் கழுத்து இருமுகிறது. உள்ளே கத்துகிறேன், ஒன்றும் வெளியே வருவதில்லை.

மார்ச் 14

குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. சன்னல் உள்ளங்கை அகலம். வெளியே செருப்புச் சத்தம் போகிறது, வருகிறது. வாயைத் திறக்கிறேன், காற்றுகூட இல்லை, எல்லாம் கழுத்தில் போகிறது. வாளியைக் கவிழ்த்துத் தட்டினேன்.

"உள்ள யாரு? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்" என்றார் துப்புரவு அம்மா.

வெளியிலிருந்து கதவை நெம்பித் திறந்ததும் என் கழுத்தைப் பார்த்தார். "மன்னிச்சுக்கங்க பெரியவரே" என்று கையைப் பிடித்துக் கட்டிலில் கொண்டுவந்து விட்டார். பலகையில் நன்றி என்று எழுதினேன். அவருக்கும் படிக்கத் தெரியாதாம்.

இப்படித்தான் இருக்கப்போகிறதா? அந்தத் தாழ்ப்பாள் திறந்ததா என்ன? நான் இன்னும் உள்ளேதான் நிற்கிறேன்.

மார்ச் 17

வெட்டின துண்டை ஆராய்ந்து பார்த்தாயிற்று, ஓரங்களில் கட்டி இல்லையாம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கருவியைக் கன்னத்தில் வைத்து மனைவியிடம் பேசினேன். வண்டு ரீங்கரிப்பது மாதிரி ஒரே சுருதி. அவள் தலையைத் திருப்பி, "யாருடி பேசுறது?" என்று மகளைக் கேட்டாள். அப்பாதான் என்றதும் "சரி சரி" என்றாள். முகம் மட்டும் சரியில்லை. கருவியை உறையில் போட்டுவிட்டேன்.

மார்ச் 21

கட்டெறும்பு வந்தான். சந்தையில் எனக்கு எதிர்த்தரப்புத் தரகன், கடித்தால் விடமாட்டான் என்பதால் அந்தப் பெயர். என்ன பேசுவதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்தான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, உள்ளே கையை நுழைத்தான்.

சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டோம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, கையை மூடிப் பிடித்தால் ஐந்து, உள்ளங்கையைச் சுரண்டினால் பாதி. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

என் கட்டிலுக்கு விலை கேட்டான். நான் ஏற்றினேன். அவன் சுரண்டினான். நான் அவன் சுண்டுவிரலை முறுக்கினேன், "போடா" என்று அர்த்தம். தோள் குலுங்கச் சிரித்தான். எனக்கும் கழுத்து வழியாகப் புஸ் புஸ் என்று சிரிப்பு.

"என்ன நடக்குது இங்க?" என்றாள் மனைவி.

"உங்க வீட்டுக்காரர் என்னை ஏமாத்துறார் அண்ணி. பேச்சே இல்லாம."

அவள் கையை நீட்டித் துண்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை முன்னால் நகர்த்தினாள்.

"நீங்க கைய எடுங்க. நான் பாக்குறேன்."

துண்டுக்கு அடியில் அவள் கை வந்தது. ஒரு விரலைப் பிடித்தேன்.

"ஒண்ணு. ஒண்ணுன்னா என்ன?"

நான் விடாமல் பிடித்திருந்தேன்.

"இருக்கேங்கிறீங்களா?"

அழுத்தினேன்.

செப்டம்பர் 6

மறு பரிசோதனை. படத்தில் ஒன்றுமில்லை. வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. வால்வு பேச்சை எடுத்தார். அவசரமில்லை என்று பலகையில் எழுதிக் காட்டினேன்.

வரும் வழியில் கடைப் பலகைகளை எல்லாம் படித்து, பேருந்தில் மனைவி கைக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். இருவருமாகச் சேர்த்துக்கொண்ட விரல் கணக்கு இப்போது நிறைய இருக்கிறது. செருப்புக்கடை, பல் டாக்டர், மறுபடி செருப்புக்கடை. பல் டாக்டர் பலகை வந்தபோது அந்தப் பசுவின் பல்லையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் கையை உருவித் துண்டுக்கு வெளியே வைத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் சும்மா வர்றீங்களா? தொணதொணன்னு."