செவலைக்கு ஊற்றிய விளக்கெண்ணெய்

செவலையின் இடப்பக்கத்துச் சீட்டுக்குச் சொந்தக்காரி பாவாயிக்கு,

நலம் என்று எழுதுவதா, நலமா என்று கேட்பதா, தெரியவில்லை. உன் விலாசம் தெரியாததால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நாலு பேர் படித்தால் அதில் ஒருவராவது உன் காதில் போட மாட்டார்களா? நான் எட்டாவது வரை படித்தவன். அதிலும் ஆறாவதை அவசரப்படாமல் இரண்டு வருஷம் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் மரகதத்துக்கு இது ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம். நீ இருந்திருந்தால் எப்போதோ அவள் நம் வீட்டுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். நீ இல்லாததால்தான் இவ்வளவு கதையும்.

போன வைகாசியில் திருச்செங்கோட்டுக்கு, அவள் புருஷன் வீட்டுக்குப் போய், பிரசவத்துக்கு அனுப்பச் சொல்லி முறைப்படி கேட்டேன். சம்பந்தியம்மா மோர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, நேராகவே சொன்னார்:

"தப்பா நெனச்சுக்காதீங்க. பொம்பளை இல்லாத ஊட்டுக்குப் புள்ளத்தாச்சிய எப்படீங்க அனுப்பறது? ராவுல வலி வந்தா ஆரு பாப்பாங்க? நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில போறதுக்குள்ள என்னவும் ஆயிப்போகும்."

மரகதம் கதவோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சின்ன வயதில் திருவிழாக் கடையில் பொம்மை முன்னால் நின்று பார்ப்பாளே, அதே பார்வை. நான் என்ன செய்வேன்?

"வண்டிக்கு என்னங்க, நம்ம காரு இருக்குதுங்களே" என்றேன்.

"ஓடுதுங்களா?"

"ஜம்முனு ஓடுதுங்க."

"அப்ப ஆடி போகட்டும். ஆவணி பொறந்ததும் அந்தக் கார்லயே வந்து கூட்டிட்டுப் போங்க. காரு வரலீன்னா புள்ள இங்கயே இருக்கட்டும்."

நான் அங்கே போனது பஸ்ஸில் என்பதை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நம் செவலைக் கார் அப்போது கொட்டகையில் கட்டை மாதிரி கிடந்தது. கிடக்க வைத்தவன் நான்தான்.

சீமைச் சண்டை வந்ததிலிருந்து பெட்ரோலுக்குக் கூப்பன், உனக்குத் தெரியும். நீ கண்ணை மூடிய பிறகு என்ஜின் ஆயிலும் கிடைக்காமல் போயிற்று. சீமையில் பந்தயக் கார்களுக்கே விளக்கெண்ணெய்தான் ஊற்றுகிறார்கள் என்று கரூர் பஸ்ஸில் ஒருவர் சொன்னார். அது நிஜம்தானாம். ஆனால் பழைய ஆயிலைச் சுத்தமாக வடித்துவிட்டு ஊற்ற வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று சேராது என்று அவர் சொல்வதற்குள் அவர் இறங்குகிற ஊர் வந்துவிட்டது.

எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. கிளட்ச்சில் இருக்கிற தோல் காய்ந்துவிட்டால் வண்டி குதித்துக் குதித்துக் கிளம்பும். நீதான் கையில் விளக்கெண்ணெயைத் தொட்டு, குழந்தைக்கு உச்சியில் வைப்பதுபோல அந்தத் தோலில் தடவுவாய். மறுநாள் செவலை பூப்போலக் கிளம்பும். கிளட்ச்சுக்கு ஆகிற எண்ணெய் என்ஜினுக்கு ஆகாதா? அதுவும் நீயே ஆமணக்குக் கொட்டைமுத்தை வறுத்து இடித்துக் காய்ச்சி வைத்துவிட்டுப் போன எண்ணெய். உன் கை எண்ணெய் கெடுதல் செய்யுமா என்று தகரத்தோடு கவிழ்த்துவிட்டேன்.

முதல் நாள் ஓடியது. போன வழியெல்லாம் ஒரே வாசனை. "யாரூட்டுல பேதிக்குக் குடுத்திருக்குது?" என்று சந்தைக்குப் போன பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மூன்றாம் நாள் வண்டியைக் கிளப்ப முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன், சுற்றவில்லை. நான்தான் சுற்றிக்கொண்டு போய் வைக்கோல் போரில் விழுந்தேன்.

திருச்செங்கோட்டிலிருந்து வந்ததும் உன் தம்பி குமாரசாமியைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக என்ஜினைப் பிரித்தோம். உள்ளே பார்த்தால் வெல்லப்பாகு. கம்பிப் பதம். குமாரசாமி விரலில் எடுத்து இழுத்துப் பார்த்தான்.

"ஏனுங் மாமா, அக்கா உங்களுக்குக் குடுக்கச் சொல்லி வெச்சுட்டுப் போன எண்ணெயை இதுக்கு எதுக்குங்க குடுத்தீங்க?"

"வாய மூடிட்டுச் சொரண்டுடா மாப்ள."

ஆனி, ஆடி முழுக்க அதுதான் வேலை. பிஸ்டன் வளையங்கள் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றன. இரும்பால் நெம்பினால் உடைந்துபோகும். இந்தச் சண்டைக் காலத்தில் வேறு வளையத்துக்கு எந்தச் சீமைக்குப் போவது? மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, மூங்கில் சிம்பால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பினோம். எண்ணெய் போகிற துளைகளை ஈர்க்குச்சி விட்டுக் குத்தினோம். என்ஜின் தலைக்கு அடியில் இருக்கிற செம்புத் தகடு இறுகிப்போயிருந்தது. அதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு எடுத்ததும் வாழைப்பட்டை மாதிரி இளகிவிட்டது. சேலத்துக்கு இரண்டு நடை நடந்து, கெஞ்சிக் கூத்தாடி நல்ல ஆயில் ஒரு டின் வாங்கி வந்தேன். கடைசியில் தகரத்தின் அடியில் ஒட்டியிருந்த உன் எண்ணெயைத் துணியில் துடைத்து எடுத்து, அது போக வேண்டிய இடத்தில், கிளட்ச் தோலில் தடவினேன்.

எல்லாம் பூட்டிய பிறகு ஒரு திருகாணி மிச்சமாக இருந்தது. அது எந்த இடத்துத் திருகாணி என்று இன்றைக்கும் தெரியவில்லை. நீ இதை யாரிடமும் சொல்லாதே.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன். பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லாமல் அவ்வளவு தூரம் ஓட்டியது அதுதான் முதல் தடவை. ஏற்காட்டு எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்ற இந்தக் காரை நான் வாங்கி வந்த நாள் நினைவுக்கு வந்தது. "மாட்டு வண்டியில பத்துப் பேர் போற ஊர்ல ரெண்டு பேர் உக்கார்ற காரா?" என்று சனமே சிரித்தது. நீ என் பக்கத்தில் உட்கார வெட்கப்பட்டு, பின்னால் மூடியைத் திறந்தால் வருகிற டிக்கிச் சீட்டில்தான் ஏறினாய். மாட்டு வண்டியில் பெண்கள் பின்னால்தானே உட்காருவார்கள்! ஜேடர்பாளையம் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. காரின் துணிக் கூரை முன்சீட்டுக்கு மட்டும்தான். தொப்பலாக நனைந்துகொண்டிருந்தவளை முன்னால் வரச் சொன்னேன்.

"ஆராச்சும் பாத்தா என்னங்க சொல்லுவாங்க?"

"இந்த மழையில எவன் கண்ணத் தொறந்து பாக்கறான்? வா."

வந்தாய். மழை விட்டும் பின்னால் போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் போகவில்லை.

திருச்செங்கோட்டில் கார் சத்தம் கேட்டுச் சம்பந்தியம்மா வாசலுக்கு வந்தார். "நிறுத்திட்டு மறுக்கா ஓட்டிக் காட்டுங்க" என்றார். நிறுத்தினேன். கைப்பிடியைச் சுற்றினேன், இருமியது. திரும்பவும் சுற்றினேன். பாவாயி, எடுத்துவிட்டது! மரகதம் கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா, புகையில் எனக்குத் தெரியவில்லை.

அவளை முன்சீட்டில், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து ஏற்றினேன். பார்த்தால் சம்பந்தியம்மா கையில் ஒரு துணி மூட்டையோடு நிற்கிறார்.

"நானும் வாரனுங்க."

"நீங்களா?"

"காரு ஓடுதுன்னு பாத்துட்டனுங்க. காரு பிரசவம் பாக்குமுங்களா? அவளுக்குப் பொறந்த ஊட்டுக்குப் போகோணும்னு ஆசை. போகட்டும். நானும் கூட இருந்து பாக்கறேன்."

"சம்பந்தி ஊட்டுல வந்து தங்கறதுக்கு நாலு பேரு நாலு சொல்லுவாங்களே..."

"சொல்லறவங்கள வந்து வெந்நி வெக்கச் சொல்லுங்க. பொறத்தால கதவத் தொறங்க."

அவ்வளவு பெரிய மனுஷி டிக்கியில் ஏறி, கொண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வழியெல்லாம் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். நான் எருமை நடைக்குத்தான் ஓட்டினேன். அப்படியும் முன்னாலிருந்து ஒரு குரல், "அப்பா, குழி." பின்னாலிருந்து இன்னொரு குரல், "சம்பந்தி, குழிங்கோ." இரண்டு குரலுக்கும் பயந்து ஓட்டியதில் பரமத்தி வேலூர் வந்து சேர உச்சிப்பொழுது தாண்டிவிட்டது.

இப்போது சமையல்கட்டு சம்பந்தியம்மா கையில். என் காப்பியைக் குடித்துப் பார்த்துவிட்டு என்னை அந்தப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். மரகதம் உன் கட்டிலில் தூங்குகிறாள். முகம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. ஒன்றும் பயமில்லை என்கிறார் மருத்துவச்சி. செவலையை வாசலில், சாலையைப் பார்க்க நிறுத்தி வைத்திருக்கிறேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஓட விட்டுப் பார்க்கிறேன்.

எனக்கு ஒன்றுதான் உறுத்துகிறது. வலி வந்தால் எந்தப் பெண்ணும் அம்மா என்றுதான் கத்துவாள். நீயும் கத்தினாய். உன் அம்மா, "இருக்கறேன் சாமி, இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கேட்கத் தாங்காமல் கொடிக்காலுக்குப் போய் வெற்றிலைக்குத் தண்ணீர் கட்டினேன், ஏற்கெனவே கட்டின வெற்றிலைக்கு. இவள் கத்தினால் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

இந்தத் தடவை நான் எங்கும் போகமாட்டேன் பாவாயி. கதவுக்கு வெளியே நிற்பேன். அவள் அம்மா என்று கூப்பிடும்போதெல்லாம், உள்ளே இருக்கிற பெண்கள் சிரித்தாலும் சரி, "இருக்கறேன் சாமி" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இப்படிக்கு,
மரகதத்தோட அப்பன்
பொன்னுசாமி