மடத்தைக் காணோம்

பிப்ரவரி 3, திங்கள்

பாலைவன மடம் வந்து சேர்ந்துவிட்டது. ட்ரோன் எடுத்த நாலாயிரத்து இருநூறு படங்கள், எங்கள் குவார்ட்டர்ஸ் சாப்பாட்டு மேசையில்! கிறிஸ்தவத் துறவிகள் ஆயிரத்து நானூறு வருஷம் முன்பு மணல் நடுவே கட்டியதாம். படங்களை இணைத்து, கணினியில் சுற்றிப் பார்க்கிற மாதிரி மடத்தை நான் எழுப்ப வேண்டும். சரியாக வந்தால்தான் அடுத்த ஐந்து இடங்களும் எனக்கு என்று அங்கே அகழாய்வு நடத்தும் வெங்கடேஷ் சார் சொல்லிவிட்டார். மைன்ஸில் மூன்று வருஷம் ட்ரோன் விட்டு மண்மேடு அளந்தவளுக்கு இதென்ன பெரிய காரியம்? என் வீட்டுக்காரர் ரியாசுதீன் மட்டும் இதைப் 'படம் ஒட்டற வேலை' என்கிறார்.

பிப்ரவரி 7, வெள்ளி

அனுப்பிவிட்டேன். மத்தியானம் பிரியாணி.

பிப்ரவரி 8, சனி

போச்சு. காலையிலேயே சார் போன். "ஏம்மா மிஸ்ரியா, மணல் ரொம்ப அழகா இருக்கு. மடம் எங்கம்மா?"

மைன்ஸ் படத்தில் ஷெட், லாரி, கன்வேயர் எல்லாவற்றையும் முதலில் நீக்கிவிடுவோம். அங்கே வெறும் மண்தான் கணக்கு. கைப்பழக்கத்தில் இங்கேயும் அதையே செய்திருக்கிறேன் — கோபுரம், சுவர், அறைகள், ஒன்று விடாமல்! சிரிப்பதா அழுவதா? அழுதேன். திங்கள் வரை நேரம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மடம் திரும்ப எழும்பிவிட்டது. இவர் மைன்ஸில் மண் கொட்டும் ஸ்பிரெடர் ஓட்டுகிறவர். ஷிஃப்ட் முடிந்து வந்து, நான் மொட்டையடித்த பழைய படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அதில், மடத்துக்குப் பின்னால் அதுவரை கண்ணில் படாத ஒரு மேட்டைத் திரையில் தொட்டார்.

"இது காத்து சேத்த மண்ணு இல்ல. அதுன்னா ஒரு பக்கம் சாஞ்சு படுத்துகினு இருக்கும். இங்க சுத்திலும் ஒரே சரிவு பாரு. கொட்டுன மண்ணு."

"சும்மா இருங்க. அங்க ஏது ஸ்பிரெடர்?"

"கூடையில கொட்டியிருப்பாங்க. கொட்டுன மண்ணு இங்க கீதுன்னா, தோண்டுன குழி எங்க?"

படம் முழுக்கத் தேடினேன். குழி இல்லை. ஏற்கெனவே மானம் போயிற்று, இதையும் எழுதினால் சார் என்ன நினைப்பார்? — எழுதினேன். மடம் உள்ள படம், மொட்டைப் படம் இரண்டையும் சேர்த்து அனுப்பினேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

பதில் இல்லை. இவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், டீ போட்டுக் கொடுத்தார்.

பிப்ரவரி 21, வெள்ளி

சார் பேசினார். மேட்டுக்கு நாற்பது அடி தள்ளி மணலை விலக்கினார்களாம். படிகள்! கீழே பூமிக்குள் குடைந்த மூன்று அறைகள், சுவரில் நீல வண்ணம் அப்படியே இருக்கிறதாம். "இனிமே எல்லா எடத்துக்கும் ரெண்டு படம் வேணும்மா. மடத்தோட ஒண்ணு, மடம் இல்லாம ஒண்ணு."

ஐந்து இடமும் எனக்கு! நான் குதித்த குதியில் கீழ் வீட்டு சந்திரா அக்கா என்னமோ ஏதோ என்று மேலே ஓடி வந்துவிட்டார்.

செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிய இவர், ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு வாசலில் நின்று கேட்டார்: "அடுத்த மடம் எப்ப வருது? மேடு கீடு இருந்தா நான் வர்ற வரைக்கும் கை வைக்காத."