கஞ்சி போட்ட இறக்கை

12-1-2025, ஞாயிறு

தைக்க வேண்டிய ஜாக்கெட் ஆறு கிடக்கிறது. கட்டில் முழுக்க ஏரோப்ளேன் கிடக்கிறது. நான் எங்கே உட்காருவது?

மகன் ஜபருல்லா உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறான். மூட்டையோடு மூட்டையாக இதுவும் வந்ததாம். மஞ்சள் பெயின்ட். நான் இரண்டு கையையும் விரித்தால் வருகிற அகலத்துக்கு இறக்கை. அவனுக்குத் தெரிந்த ரியாஸ் புதிதாகத் திறக்கிற பிரியாணிக் கடையில் மேலே தொங்கவிடக் கேட்டாராம். அடுத்த மாதம் பதினாலாம் தேதி திறப்பு. இவனும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

பேத்தி ஃபஹீமா அவள் அப்பனை வாசலில் மறித்து நின்றாள். "அத்தா, இது ரிமோட்ல பறக்கற பிளேனுங்க. உள்ள எஞ்சின் இருக்குது பாருங்க. இதப் போயி பிரியாணிக்கு மேல தொங்க உடறதா?"

"பறக்கற மூஞ்சியப் பாரு" என்றான் ஜபருல்லா.

"பறந்துட்டா?" என்று கேட்டது நான்தான்.

"ஒம்பதாந் தேதிக்குள்ள பறந்துட்டா நானே ரியாஸ்கிட்ட இல்லைன்னு சொல்லிப்போடறேன். பறக்கலீனா ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது."

ஃபஹீமா மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். நான் அஞ்சாங் கிளாஸ். இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

14-1, செவ்வாய்

எஞ்சின் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. ஆனால் முன்னால் இருக்கிற விசிறி அசைய மாட்டேன் என்கிறது. மோந்து பார்த்தேன். விளக்கெண்ணெய்! சொன்னால் சிரிக்கிறாள். போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். அந்தக் காலத்தில் இந்த எஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெயில் விளக்கெண்ணெய் கலப்பார்களாம். வருஷக்கணக்கில் கிடந்தால் பிசினாக இறுகிவிடுமாம்.

தின்னரில் ஊறப்போட்டிருக்கிறாள். என் ஊறுகாய் ஜாடியில். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

16-1

சுற்றுகிறது.

19-1, ஞாயிறு

பழைய ரிமோட் செத்துப்போனது. காலேஜ் கிளப்பிலிருந்து புதிது கொண்டுவந்து மாட்டிவிட்டாள். அங்கே சின்ன பிளேன் ஓட்டிப் பழகியவள்தான். ஆனாலும் இது எந்த பிளேன், யார் செய்தது என்று தெரிய வேண்டுமாம். அப்போதுதான் எடை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சரியாகத் தெரியும். குத்துமதிப்பாக வைத்து இரண்டு விரல் தள்ளிப்போனால் தலைகுப்புற விழும். விழுந்தால் அவ்வளவுதான்.

போன் குரூப்பில் ஒருத்தர் இங்கிலாந்து என்கிறார், ஒருத்தர் ஜெர்மனி என்கிறார். நான் இறக்கையைத் தடவினேன். இடது பக்கம் இருந்த ஒரு கிழிசலுக்குப் பக்கத்தில் மஞ்சள் உதிர்ந்து, அடியில் அரக்கு நிறம் தெரிந்தது.

"ஜெர்மனியாவது ஒண்ணாவது. இது சிறுமுகைப் பட்டுச் சேலை" என்றேன். நாற்பது வருஷம் ஜாக்கெட் தைத்த விரல் இது.

அவள் அதை அப்படியே குரூப்பில் எழுதிப்போட்டாள். ஈரோட்டிலிருந்து ஒரு பெரியவர் பதில் போட்டார்: பெண்டாட்டி சேலையை வெட்டி பிளேன் செய்கிற தைரியம் ஒரே ஆளுக்குத்தான் இருந்தது. காரமடை ஆறுச்சாமி. சிங்காநல்லூரில் பம்புக் கம்பெனியில் வேலை பார்த்தவர்.

26-1, ஞாயிறு

பிளேனைத் தூக்கிக்கொண்டு காரமடை போய் வந்தோம். சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

ஆறுச்சாமி அண்ணனுக்கு எண்பது இருக்கும். கண் மங்கிவிட்டது. தடவிப் பார்த்தே தெரிந்துகொண்டார். அவர் சம்சாரம் சுப்பாத்தாள் அக்கா காபியோடு வந்தவர், கிழிசலைப் பார்த்ததும் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, இது என்ற சேலையல்லொ?"

அண்ணன் தென்னைமரத்தைப் பார்த்தார்.

"கொடில காயப்போட்டத எவளோ எடுத்துட்டுப் போயிட்டான்னு சொன்னீங்க! உங்க அக்காளயல்லொ நாப்பது வருசமா சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்! அவ செத்தே போயிட்டா!"

"ஏனுங்க அம்மணி," என்றார் அண்ணன் என்னிடம், "இத்தன வருசம் கழிச்சு வந்து என்னைய மாட்டி உட்டுட்டீங்களே."

வீடு இடித்துக் கட்டும்போது பழையது எல்லாவற்றையும் அவரேதான் கடைக்குப் போட்டாராம். திருப்பிக் கேட்பாரோ என்று ஃபஹீமா முகம் சுருங்கிவிட்டது. அவர் கேட்கவில்லை. "நீ பறக்க உடு கண்ணு. நான் சத்தம் கேக்க வாரேன்" என்றார். இறக்கைக்கு அடியில் பெயின்டைச் சுரண்டச் சொன்னார். இரண்டு பித்தளை ஆணி. அதுதான் எடை நிற்கிற இடம்; அங்கே விரல் வைத்துத் தூக்கினால் பிளேன் ஆடாமல் நிற்க வேண்டும்.

புறப்படும்போது சுப்பாத்தாள் அக்கா பீரோவிலிருந்து ஒரு துணியை எடுத்து வந்தார். அந்தச் சேலையோடு வந்த ஜாக்கெட் பிட். "சேலையே போச்சு, சட்டை எதுக்குன்னு தெக்காம வெச்சிருந்தனுங்க. கிழிசலுக்கு ஆகும்." பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "உங்களுக்கு இன்னிக்கு சோறு கெடையாது."

29-1

எனக்கு எதுக்கு இந்த வேல? யாரு கேட்டா?

இடது இறக்கை முழுக்க அந்தப் பிட்டை ஒட்டி, ஓரம் தைத்தேன். அழகாகத்தான் வந்தது. கொஞ்சம் தொளதொளவென்று இருந்ததே என்று — பருத்திச் சேலைக்குப் போடுகிற மாதிரி கஞ்சி போட்டுவிட்டேன். கெட்டியாக. வெயிலில் வேறு வைத்தேன். துணி இறுகி, உள்ளே இருந்த மெல்லிசுக் கட்டையை முறுக்கி, இறக்கை காய்ந்த வாழைச்சருகு மாதிரி திருகிக்கொண்டது.

ஃபஹீமா திட்டவில்லை. "இன்னும் பதினோரு நாள்தானுங்க நன்னிம்மா" என்றாள். திட்டியிருக்கலாம்.

30-1

ஆறுச்சாமி அண்ணனுக்கு நானே போன் போட்டேன். "கஞ்சியா போட்டீங்க?" என்று ஒரு நிமிஷம் சிரித்தார். அப்புறம் சொன்னார்: ஈரத்துணியில் கஞ்சியைத் துடைத்தெடுத்து, ஆவி காட்டி, எதிர்ப்பக்கம் முறுக்கி, ஆறும்வரை விடாமல் பிடிக்க வேண்டும்.

இட்லிப் பானையைக் கொதிக்கவைத்தோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. நாலு தடவை. கை மரத்துவிட்டது. ஐந்தாவது தடவை இறக்கையைத் தரையில் வைத்தோம். ஆடவில்லை.

மேலே வார்னிஷ் மட்டும் பூசச் சொன்னார். அதை ஃபஹீமா பூசினாள். நான் தொடவில்லை.

9-2, ஞாயிறு

காரமடையில் அறுப்பு முடிந்த சோளக்காடு. ஜபருல்லா, பிளேனைத் தொங்கவிடுகிற கொக்கிக்கு அளவெடுக்கிற டேப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வந்தான். ரிமோட் ஃபஹீமா கையில்.

எஞ்சின் மூன்று தடவை நின்றது. நாலாவதில் பிடித்தது. ஓடியது, குதித்தது, மண்ணை விட்டுவிட்டது. ஆறுச்சாமி அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "சத்தம் முக்குது. மூக்க எறக்கு கண்ணு. ம்… இப்ப செரி."

அரக்கு இறக்கை ஒன்று, மஞ்சள் இறக்கை ஒன்று. நாலு சுற்று. இறங்கும்போது சக்கரம் ஒன்று கழன்றது. போகட்டும்.

சுப்பாத்தாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் கட்டியிருந்தாக்கூட இத்தன பேரு பாத்திருக்க மாட்டாங்க" என்றார்.

ஜபருல்லா வரப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்று போன் பேசினான். "அது தோதுப்படாது பாய்" என்றது மட்டும் காதில் விழுந்தது.

23-2, ஞாயிறு

ஃபஹீமாவுக்குப் பரீட்சை. மாடியில் படிக்கிறாள். ஜபருல்லா கடையைத் திறக்காமல், விடிந்ததும் பிளேனைத் தூக்கிக்கொண்டு தனியாகக் காரமடை போய்விட்டான். ஆறுச்சாமி அண்ணன் கற்றுக்கொடுக்கிறாராம்.

பத்து மணிக்குப் போன் வந்தது. "அம்மா, வேப்பமரத்துல மாட்டிக்கிச்சுங்க. எடுத்துட்டோம். ஃபஹீமாகிட்ட இப்ப சொல்லிப்போடாதீங்க."

"துணி கிழிஞ்சிருச்சா?"

"கொஞ்சூண்டுதானுங்கம்மா."

அவனுக்கு ஐம்பது வயசு ஆகிறது. ஏழு வயசில் புதுச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றபோதும் இதே குரல்தான்.