எட்டு மீட்டர் தண்ணீர்

கர்ஹு தீவு, ஏப்ரல் 3, 1994

என் அன்பு வெய்யோவுக்கு,

சுகமாக இருக்கிறேன். குழந்தை உள்ளே உதைத்துக்கொண்டே இருக்கிறது. உன் வாரிசுதான், சந்தேகமே இல்லை. பிரசவ நாள் மே கடைசியில். ஆனால் மருத்துவச்சி நேற்று வந்து திட்டிவிட்டுப் போனாள். "கடல் பனிமேல போற ரோட்டை மூடறதுக்குள்ள கரைக்கு, ஔலுவுக்குப் போயிடும்மா. ரெண்டு தடவை பட்டது போதாதா?" என்றாள்.

எனக்கு அக்கா எய்லா வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை. இரண்டு தடவையும் அங்கே போய்த்தான் வெறுங்கையோடு திரும்பினேன். ஆடுகள் வேறு குட்டி போடுகிற நேரம். ஆனால் கடல் பனி இளகிவிட்டால் காரும் போகாது, படகும் போகாது, தெரியும்தானே. முப்பத்தெட்டு வயதாகிறது, வெய்யோ. இதுவும் போனால் இன்னொன்று கிடையாது. நீ லீவு போட்டு வரமாட்டாயா? போகவா, இருக்கவா, உடனே எழுது.

உன் மார்கெத்தா

கப்பலிலிருந்து, ஏப்ரல் 8

என் கண்ணே மார்கெத்தா,

லீவு கேட்டேன், கிடைக்காது. பழைய கப்பல் என்றால் பனி போனதும் துறையில் கட்டிப் போட்டுவிடுவார்கள், கோடை முழுக்க வீட்டில் கிடப்பேன். இந்தப் புதுக் கப்பல் குளிர்காலத்தில் பனி உடைக்கும், கோடையில் எண்ணெய் எடுக்கிற கடலுக்குப் போய்க் குழாய் இறக்கும். இப்போது இறங்கினால் என் இடத்துக்கு நாலு பேர் நிற்கிறார்கள்.

ஆனால் நீ ஏன் பயப்படுகிறாய்? ஆள் உயரப் பனியை இது நிற்காமல் உடைத்துக்கொண்டு போவதை நான் தினம் பார்க்கிறேன். அடியில் கப்பலைத் தள்ளுகிற இரண்டு விசிறிகளும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும். பின்பக்கமாகப் போய்க்கூடப் பனியை அரைக்கும். மாட்டிக்கொண்டால் இந்தப் பக்கத் தொட்டித் தண்ணீரை அந்தப் பக்கம் தள்ளுவோம், கப்பல் தானே ஆடி விடுவித்துக்கொள்ளும். முன்பக்கம் அகலம், போன வழியில் எண்ணெய்க் கப்பலே வரும். இத்தனை செய்கிறது நம் துறைக்கு வராதா? மே நடுவில் நானே வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போகிறேன். எய்லா வீட்டுக்குப் போகாதே. நிம்மதியாக ஆடுகளைப் பார்.

உன் வெய்யோ

கர்ஹு தீவு, ஏப்ரல் 17

அன்பு வெய்யோ,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ரோட்டை மூடுகிறார்கள். கிளம்புகிறவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். நான் பெட்டியைக் கட்டி, திரும்ப அவிழ்த்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஒன்னி கேலி செய்கிறான். "கப்பல்காரன் பெஞ்சாதிக்குத் தனியா கப்பல் வருதாம், எங்களுக்கும் ஒரு டிக்கெட் போடு" என்கிறான். அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு ராத்திரியில் தூக்கம் இல்லை. கேப்டனிடம் கேட்டுவிட்டுத்தானே சொன்னாய்?

உன் மார்கெத்தா

கப்பலிலிருந்து, ஏப்ரல் 21

மார்கெத்தா,

இதைப் பார்த்ததும் கிளம்பு. யார் காரிலாவது ஏறு, இல்லாவிட்டால் நடந்தாவது போ. போன் போட்டுப் பார்த்தேன், ஈரப்பனி விழுந்து தீவு லைன் செத்துக் கிடக்கிறது.

நான் கேப்டனிடம் கேட்கவில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் கேட்டேன். அவர் கடல் வரைபடத்தை என் முன்னால் விரித்தார். "ஏம்ப்பா, நம்ம கப்பல் இருக்காளே, இவளுக்குக் கீழ எட்டு மீட்டர் தண்ணி வேணும். ஆழ்கடல்ல ஆடாம நிக்கணும்னு அப்படிக் கட்டியிருக்காங்க. உங்க துறையில நாலு மீட்டர் இருந்தா பெருசு. பனியை உடைப்பா, பாறையை உடைப்பாளா?"

நான் இயந்திர அறைக்காரன். எவ்வளவு பலம் என்று தெரியும். எவ்வளவு ஆழம் என்று ஒருநாளும் மேலே போய்ப் பார்த்ததில்லை. என் கையாலேயே உன்னை அங்கே பூட்டி வைத்துவிட்டேன். கெஞ்சிக் கேட்கிறேன், போய்விடு.

வெய்யோ

ஔலு, மே 6

வெய்யோ,

உன் கடைசிக் கடிதம் ரோடு மூடியதால் இந்தக் கரையிலேயே கிடந்ததாம். எய்லா நேற்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நாளுக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. ஒன்னி வயர்லெஸ்ஸில் கூப்பிட்டும் மூடுபனியில் ஹெலிகாப்டர் எழும்பவில்லை. அப்போது கடல் பக்கம் ஒரு கப்பலின் ஊதல் கேட்டது. ஒன்னி ஓடி வந்து, "வந்துட்டான்டி உன் ஆளு!" என்று கத்தினான். எனக்கு அத்தனை வலியிலும் சிரிப்பு வந்தது. துறைக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். ஊதல் கிட்ட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தெற்கே போய்விட்டது. நீங்கள் வேறு கப்பலை இழுத்துக்கொண்டு போயிருப்பீர்கள்.

அப்புறம் ஒன்னியும் அவன் மனைவியும் என்னைச் சின்னப் படகில் போட்டு, உளுத்த பனிமேல் தள்ளிக்கொண்டே கரைக்கு வந்தார்கள். பனி உடைந்த இடத்தில் துடுப்பு, மற்ற இடத்தில் பனிமேல் நடந்து, இடுப்பு வரை தண்ணீரில் அமிழ்ந்து அமிழ்ந்து தள்ளினார்கள். நாள் பூராவும் ஆயிற்று.

பெண் குழந்தை. முடி உன்னைப் போல. அழவே இல்லை. இந்தத் தடவையும் வெறுங்கைதான்.

நான் தீவுக்குத் திரும்பவில்லை. ஆடுகளை ஒன்னி மனைவியிடம் கொடுத்துவிட்டேன். கோடையில் நீ எண்ணெய்க் கடலுக்குப் போ; இங்கே வர வேண்டாம்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

மார்கெத்தா