மேசைமேல் இரண்டு கைகள்

மாப்ளே,

பெருநாள் சரக்கு வந்துவிட்டது. குவைத்துக்குப் பின் நான் போட்ட இந்த முவைலாக் கடையில் காலையில் ஒரு பெட்டியைப் பிரித்து, பொம்மைத் துப்பாக்கி ஒன்றில் பொட்டுவெடிச் சுருளை மாட்டிச் சுட்டுப் பார்த்தேன். சோதிக்காமல் நான் எதையும் விற்பதில்லை, உனக்குத் தெரியும். கந்தக வாடை எழுந்ததும் என் இரண்டு கைகளும் தாமாகவே மேசைமேல் வந்து உட்கார்ந்துகொண்டன. அப்படி வைக்கச் சொன்ன நீதான் இப்போது உயிரோடு இல்லை.

படை குவைத்துக்குள் புகுந்த வாரத்தை நினைத்துக்கொண்டேன். நமக்கு விசா கொடுத்த கபீல் குடும்பத்தோடு சவூதிப் பக்கம் காரை விட்டார். போகும்போது நம் மளிகைக் கடைக் கல்லாவில் ஒரு கைத்துப்பாக்கியை வைத்து, திருட்டு ஹராமி எவன் வந்தாலும் விடாதே என்றார். எனக்கு அதைப் பார்த்ததும் தெம்பு வந்தது. உனக்கு வேர்த்தது.

"இது உள்ள இருந்தா நாம கடைக்காரன் இல்லடா, சண்டைக்காரன்" என்றாய். பாலித்தீனில் சுற்றி மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு வந்தாய்.

"அப்ப வெறுங்கையோட நிக்கவா?"

"வெறுங்கைதான். வெறுங்கைன்னு வர்றவனுக்குத் தெரியணும். மேசை மேல வை, ரெண்டையும்."

அதற்குள் எல்லை மூடியிருந்தது, ஓட வழியில்லை. சிப்பாய்கள் வந்தார்கள். நம் கடைக்குள் நுழைந்தவன் மீசை அரும்பாத பையன். சிகரெட்டையும் கூலிங் கிளாஸையும் அள்ளிக்கொண்டு, நம் கைகளையே பார்த்தபடி பின்னோக்கி நடந்து வெளியேறினான். பக்கத்து ரேடியோக் கடைக்காரர் மட்டும், பூட்டிய அலமாரியைத் திறக்கச் சொன்னதும் மேசைக்கடியில் கையை விட்டார். வெடிச்சத்தம் சுவர் வழியே கேட்டது. அவர் எடுக்கப் போனது சாவி, மாப்ளே. உயிர் தங்கியது. ஆனால் அந்தக் கையால் அவர் பிறகு ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்பவில்லை.

இப்போது என் மகன் விஷயம். அமெரிக்காவில் படிக்கிறான், நீ விமான நிலையம் வரை வந்து வழியனுப்பினாய். அந்த நாட்டுக் கல்லூரி ஒன்றில் ஒருவன் வகுப்புக்குள் புகுந்து சுட்டதை டிவியில் பார்த்ததிலிருந்து என் வீட்டுக்காரி ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. அதன் பிறகு இவன் கல்லூரியில், மாணவர்களும் துப்பாக்கி கொண்டுவரலாமா என்று மாணவர் மன்றத்தில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். "ஆமாவா, இல்லையா? நீங்க சொல்லுங்க வாப்பா" என்று போனில் கேட்டான்.

தண்ணீர்த் தொட்டிக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டான்.

"அந்த சோல்ஜருக்கு சிகரெட் வேணும், எடுத்துட்டுப் போயிட்டான். இங்க வர்றவனுக்கு ஒண்ணும் வேணாம், சுடத்தான் வர்றான். கையை டேபிள் மேல வச்சா விட்டுருவானா?"

எந்த வியாபாரியும் என் வாயை இப்படி அடைத்ததில்லை.

"சரி, துப்பாக்கியை நீ வச்சுக்க முடியுமா?"

"நான் ஸ்டூடன்ட் விசா. எனக்கு நடக்காது. ரூம்மேட் வச்சுக்குவான். நல்லவன் வாப்பா. உம்மா குடுத்தனுப்புன ஊறுகாயில முக்கால்வாசி அவன்தான் தின்னான்."

"ஊறுகாய் தின்னவனுக்கு உன்னைத் தெரியும். அடுத்த பெஞ்சுக்காரனுக்கு? உன் பேரையும் தாடியையும் வச்சுக்கிட்டு நீ பேனா எடுக்க பையில கை விட்டா, அவன் பேனான்னா நினைப்பான்? பைத்தியக்காரன் என்னைக்கோ ஒருநாள் வருவான். பயந்தவன் தினமும் உன் பக்கத்துல உட்காருவான். இல்லைன்னு போடு."

"அப்ப அந்த ஒருநாள் வந்துட்டா?"

"கிளம்பி வந்துரு" என்றேன்.

சிரித்தான். "எங்க வாப்பா? படிப்பு பாதியில நிக்குது. பதினெட்டு தாண்டிட்டேன், படிப்பை விட்டுட்டு வந்தா உங்க விசாவுல நான் நிக்க முடியாது. ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்?"

இந்த வளைகுடாவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. அன்று நமக்கு எல்லை மூடிக் கிடந்தது. இவனுக்கு எல்லையெல்லாம் திறந்துதான் கிடக்கிறது, உள்ளே நுழைந்து உட்கார ஓர் இடம் இல்லை. நீ இருந்தால் ஏதாவது ஒரு தொட்டியைக் கண்டுபிடித்திருப்பாய்.

நேற்று மறுபடி பேசினான். இவன் இல்லை என்றுதான் போட்டானாம். ஆனால் துப்பாக்கி வேண்டும் என்ற பக்கம் ஜெயித்துவிட்டது. நிர்வாகம் இன்னும் வாய் திறக்கவில்லை.

"பயமா இருக்கா?"

"இல்ல வாப்பா. நீங்க சொன்ன மாதிரிதான் இருக்கேன். கிளாஸுக்குப் போனதும் பேனாவை முதல்லயே வெளிய எடுத்து வச்சுருவேன். அப்புறம் ரெண்டு கையும் டெஸ்க் மேலதான்."

வீட்டுக்காரி பக்கத்தில் நின்று, என்ன சொல்றான், என்ன சொல்றான் என்றாள். நல்லா இருக்கானாம் என்றேன்.

கைகளைக் காட்டிக்கொண்டு உட்காரவா அவனை அவ்வளவு தூரம் படிக்க அனுப்பினேன்? நீ அந்த வெறுங்கைப் பாடத்தைக் கடைக்காரனுக்குச் சொன்னாய். பிள்ளைக்கு நான் கொடுத்தனுப்பிய சரக்கு, மாப்ளே, கடைசியில் அதுவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பெருநாள் காலையில் தொழுதுவிட்டுக் கடை திறக்க வேண்டும். புதுச்சட்டையோடு, கைநிறையப் பெருநாள் காசோடு பிள்ளைகள் வருவார்கள், அந்தத் துப்பாக்கிதான் வேண்டும் என்பார்கள். எடுத்துக் கொடுக்கும் நேரம் மட்டும் என் கைகள் மேசையை விட்டு எழும். கொடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடும்.