மேலே ஏறாமல் போட்ட கையெழுத்து

ஜூலை 7, 2024, ஞாயிறு. காலை 9.42.
கோயிலில் நன்றி சொல்லும் ஸ்தோத்திர அறிவிப்பு இதுவரை பத்தொன்பது. குருவானவர் சுந்தரராஜ் ஐயர் ஒவ்வொரு சீட்டாக வாசிக்கிறார். நான் பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் கோடு போட்டு எண்ணுகிறேன். கனடா விசா கிடைத்தது, ஸ்தோத்திரம். மூட்டு வலி குறைந்தது, ஸ்தோத்திரம். போர் போட்டதில் நல்ல தண்ணீர், ஸ்தோத்திரம். விசா கிடைக்காதவன், வலி குறையாதவன், உப்புத் தண்ணீர் வந்தவன் – ஒருத்தன் சீட்டுகூட இல்லை. பத்தொன்பதும் பாஸ். துறைமுகத்தில் ஒரு இயந்திரத்துக்கு இப்படி ரிப்போர்ட் வந்தால், எழுதினவனைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஜூலை 8, திங்கள்.
பேய்க் கச்சான் காற்று, ஆளைத் தள்ளும் மேல்காற்று. மூன்றாம் நம்பர் கிரேனுக்கு வாராந்திரச் சோதனை. முடிந்தது.

ஜூலை 10, புதன்.
மத்தியானம் 2.15. மூன்றாம் நம்பர் கிரேன் நாற்பதடி கன்டெய்னரைத் தூக்கியது. நிற்கவேண்டிய உயரத்தில் நிற்காமல் மேலே போய் மோதியது. ஒரு கம்பிவடம் அறுந்து பெட்டி சாய்ந்து ஆடியது. ஆபரேட்டர் செந்தில்முருகன் அண்ணன் எமர்ஜென்சி பட்டனை அடித்ததால் விழவில்லை. ஐந்து நிமிடம் முன்பு அதன் அடியில் நின்றவன் நான். போன் வந்ததால் நகர்ந்தேன். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண்.

அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "அந்தப் புள்ளைய ஆண்டவர்தாம்ல ஒனக்குப் போன் போட வச்சிருக்காரு" என்கிறாள்.

உயர எல்லை சுவிட்ச் வேலை செய்யவில்லை. திங்களன்று அதைச் சோதித்தது யார்? நான். சோதித்தேனா? காற்று. நாற்பது மீட்டர் ஏணி. ஏசி அறையில் உட்கார்ந்து சோதனைத் தாளின் பதினான்கு கட்டத்திலும் டிக் போட்டேன்.

ஜூலை 11.
செந்தில் அண்ணனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். திங்களன்று சுவிட்ச் சரியாக இருந்தது என்று காகிதம் சொல்கிறதாம். ஆகவே ஆபரேட்டர்தான் அதைத் துண்டித்திருக்க வேண்டுமாம். விசாரணை 22ஆம் தேதி. காகிதத்தின் அடியில் என் கையெழுத்து வெகு அழகு.

ஜூலை 14, ஞாயிறு.
இன்று அம்மாவின் சீட்டு: "மகன் டேவிட்சனைப் பெரிய ஆபத்திலிருந்து தப்புவித்த தேவனுக்கு, அற்புதமணி டீச்சர் குடும்பத்தார்." சபையே திரும்பிப் பார்த்தது. தேவ இரக்கத்துக்கு அளவில்லை, நாம் மாறினாலும் அவர் மாறமாட்டார் என்று ஐயர் அரைமணி நேரம் பிரசங்கித்தார். கேட்க எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அந்த வசதிதான் உறுத்துகிறது. அதே இரக்கம் மாப்பிள்ளையூரணியில் செந்தில் அண்ணன் வீட்டுக்குப் போகாதா? வழியில் நான் நிற்கிறேனோ?

கமிட்டிச் செயலாளர் எஸ்றா அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொண்டார். "வர்ற ஞாயிறு நம்ம கோயில் அசன விருந்துல்லா தம்பி. பந்திக்கு முன்னால, ஆண்டவர் ஒன்னக் காப்பாத்துனத அஞ்சு நிமிசம் சாட்சி சொல்லணும். கொஞ்சம் கண்ணு கலங்கிச் சொன்னா எடுப்பா இருக்கும்."

ஜூலை 17, புதன்.
செந்தில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்.

"ஏலே, அன்னைக்கு நீ ஏறலன்னு எனக்குத் தெரியும். கேபின்ல இருந்து பாத்தா ஏணி தெரியாம சினிமாவா தெரியும்?"

"பொறகு ஏன்ணே சொல்லல?"

"நீயே சொல்லுவன்னு பாத்தேன்."

"ஒரு வாரமாவா?"

"இன்னும் அஞ்சு நாளு கெடக்குல்லா. காப்பி ஆறுது, குடி."

திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். இரக்கம் என்றால் ஆளைச் சும்மா விட்டுவிடுவது என்று நினைத்திருந்தேன். இந்த மனிதர் என்னை விடவே இல்லை. காத்துக்கொண்டிருக்கிறார். கோயிலில் வாசிக்கும் பெரிய பெரிய வார்த்தைகள் எல்லாம் இதைத்தான் சொல்கின்றனவோ?

ஜூலை 18.
இன்னைக்கும் சொல்லல. என்ன மனுசம்ல நீ.

ஜூலை 21, ஞாயிறு. அசனம்.
சொல்லிவிட்டேன். மைக்கில், முந்நூறு பேருக்கு முன்னால். "நான் மேலே ஏறாமலே கையெழுத்துப் போட்டேன். செந்தில்முருகன் அண்ணன் மேல் தப்பே இல்லை." சபை முழுக்க "ஆமென்!" சாட்சி சொல்ல வருகிற எவனும் தன்னை மகா பாவி என்றுதான் ஆரம்பிப்பான், என்னுடையதையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள். எஸ்றா அண்ணாச்சி மைக்கை வாங்கி, "எம்புட்டுத் தாழ்மை பாத்தியளா!" என்றார். கைதட்டல். பந்தியில் என் இலையில் இரண்டு துண்டு கறி கூடுதலாக விழுந்தது.

அம்மா மட்டும் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள், "நெசமாவா சொன்ன?"

"நெசந்தாம்மா."

நடையை நிறுத்தி என் பக்கம் திரும்பினாள். "அப்ப அத எங்ககிட்ட சொல்லி என்னல பிரயோசனம்? ஆபீஸ்ல போயிச் சொல்லு."

நாளைக்கு:

1. காலை ஏழு மணிக்கே பாதுகாப்பு அதிகாரி அறை. விசாரணை பத்துக்குத்தான், கூப்பிடும்வரை காத்திருக்கக் கூடாது.
2. கடிதம் நான்கே வரி. காற்று, ஏணி, வேலைப்பளு எதுவும் அதில் வரக் கூடாது.
3. என் வேலை போனால் ‘சாத்தானின் சோதனை’ என்று ஜெபக்குழுவில் சொல்ல வேண்டாம் என அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது.
4. ஜெபம். காப்பாற்று என்று கேட்கக் கூடாது. வாசல்வரை போய்த் திரும்பி நடந்தால், சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே தள்ளும்படி கேட்பது.
5. கடிதத்தைக் கொடுத்த பிறகு செந்தில் அண்ணனுக்குப் போன். கொடுக்கும்வரை போனைத் தொடக் கூடாது.